நான் அடைத்த குழாய்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது. ஒன்று என் கொழுந்தன் விட்டுவிட்டுப் போனது. அந்த ஆறில் எது அந்த ஒன்று என்று தேங்காப்பட்டணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. அப்படி வளர்த்தேன். அவர்கள் வாப்பா மவுத்தாகி என்னைத் தனியாக விட்டுப் போனபோது கடைக்குட்டிக்கு நான்கு வயது. வீட்டில் இருந்தபடியே துணி விற்று எல்லோரையும் கரை சேர்த்தேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு நாள் ஆகிறது. ஆகட்டும், அவசரம் ஒன்றும் இல்லை. முதுகில் குழாய் வைத்து வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்கள் என்னைப் போல் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு இது உதவும். எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை அது வருகிற இடத்தில் சொல்கிறேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் கால் வீங்கியது. சோற்றைக் கண்டால் ஓங்கரிப்பு. வாயு என்று நினைத்து இஞ்சி தட்டிக் குடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கோட்டாற்றில் கட்டிக்கொடுத்த என் மகள் ஜமீலா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உம்மா, ஒங்க முகம் எப்பம் முதல் இப்படி இருக்கு?"

"எனக்க முகத்த நான் கண்ணாடில பாத்து வருசம் ஆச்சு. ஏன், அழகு கூடியிருக்கா?"

"வீங்கி இருக்கு. சீலைய மாத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

நாகர்கோவிலில் ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்த பெண் முதலில் என்னோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். வயிற்றின் வலது பக்கம் கருவியை வைத்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள். அப்போதே எனக்குப் புரிந்தது. காத்திருக்கும் பெஞ்சில் ஜமீலா என் கையைப் பிடித்தபடி போனில் கூடப்பிறந்தவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரே செய்தியை அவள் ஐந்து முறை சொன்னதைக் கேட்டேன். ஐந்தாவது முறை அது வேறு யாருக்கோ வந்த தீனம் போல இருந்தது.

டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். இடது பக்கத்துக் கிட்னி எப்போதோ சுருங்கிச் செத்துவிட்டது. எனக்கே தெரியாமல் இத்தனை காலம் வலது ஒன்றை வைத்துத்தான் ஓடியிருக்கிறேன். அந்த ஒன்றிலிருந்து மூத்திரப்பைக்கு இறங்குகிற குழல், பழைய கல் ஒன்று உரசிய வடுவால் ஒட்டிப்போய்விட்டது. மூத்திரம் இறங்க வழியில்லாமல் கிட்னிக்குள்ளேயே தேங்கி, அது ஊதியிருந்தது. ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒன்று பார்க்கிறார்கள். கிட்னி வெளியே தள்ள வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு தங்கிவிட்டது என்று அது காட்டும். எனக்கு அது மிகவும் ஏறியிருந்தது. கீழ்வழியாக உள்ளே ஒரு குழல் விட்டுப் பார்த்தார்கள். ஏறவில்லை. பெரிய ஆபரேஷனை என் நெஞ்சு தாங்காது.

"முன்வாசல் அடைஞ்சு போச்சும்மா. அதனால முதுகு வழியா ஒரு வாசல் வைக்கப் போறோம். ஒரு சின்னக் குழாய்."

"எத்தன நாளைக்கு?"

"இனி எப்பவுமே. மூணு மாசத்துக்கு ஒரு தடவை குழாயை மட்டும் மாத்திக்குவோம்."

குப்புறப் படுக்க வைத்தார்கள். நர்ஸ் ஒருத்தி நான்கு விரல்கடை இடம் மட்டும் விட்டு மற்றதெல்லாம் துணியால் மூடினாள். அவளுக்காகப் படைத்தவனிடம் துஆ கேட்டேன். மரக்கிற ஊசி போட்ட பிறகு வலி பெரிதாக இல்லை. யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது போல ஓர் அழுத்தம், அவ்வளவுதான். குழாயின் நுனி கிட்னிக்குள் போனதும் சுருண்டு நிற்குமாம், வழுகி வராமல் இருக்க. அதற்குப் பிக்டெயில் என்று பேர். அப்படியென்றால் என்னவென்று ஜமீலாவைக் கேட்டேன். "அது இங்கிலீஷு உம்மா, ஒங்களுக்கு வேண்டாம்" என்றாள். பிறகு வேறொருத்தி சொல்லித் தெரிந்துகொண்டேன். பன்றி வாலாம். தெரியாமலே இருந்திருக்கலாம்.

அந்தக் குழாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முதுகில் தோலோடு ஒரு நூல் தையல் போட்டு அதை நிறுத்துவார்கள். மேலே பஞ்சு, பிளாஸ்டர். குழாயின் நடுவே ஒரு சின்னத் திருப்பு உண்டு. அதன் பிடி குழாயோடு நேராக இருந்தால் ஓடும், குறுக்கே நின்றால் நின்றுவிடும். உள்ளே உப்புநீர் விட்டுக் கழுவும்போது திருப்புவதற்காக வைத்தது அது. முடிவில் ஒரு பை. பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே தூக்கினால் வந்தது திரும்பிப் போகும். குழாய் மடங்கக் கூடாது. அதன்மேல் படுக்கக் கூடாது. பை நிறையாமல் இருந்தால், பிளாஸ்டர் நனைந்தால், குளிர்க் காய்ச்சல் வந்தால் உடனே ஓடி வர வேண்டும். இதெல்லாம் என் கையில் அச்சடித்த தாளாகவும் தந்தார்கள், வாயாலும் சொன்னார்கள். தெரியாமல் நான் எதையும் செய்யவில்லை.

ஜமீலா கோட்டாற்றுக்குக் கூப்பிட்டாள். நான் போகவில்லை. என் வீட்டில் என் கட்டில் கிடக்கிறது. வெளிநாட்டில், தமாமில் இருக்கிற என் மூத்தவன் நாசர், கருங்கல்லில் ஒரு கிளினிக்கில் வேலை செய்யும் ஸ்டெல்லா என்ற நர்சை ஏற்பாடு செய்தான். நாற்பதைத் தாண்டியவள். செவ்வாயும் வெள்ளியும் ஸ்கூட்டியில் வந்து குழாயைக் கழுவி, பிளாஸ்டர் மாற்றிவிட்டுப் போவாள்.

"உம்மா, இண்ணைக்கு எத்தன கிளாஸ் வெள்ளம் குடிச்சீங்க?"

"குடிச்சேன்."

"குடிச்சேன்னா எத்தன? வெள்ளத்துக்க காரியத்துல நீங்க பெரிய கள்ளி."

"எனக்க வீட்டுல வந்து என்னையே கள்ளின்னு சொல்லுதியா?"

"நான் சொல்லேல்ல. இந்தப் பை சொல்லுது, பாருங்க. கட்டன்சாயா மாதிரி இருக்கு."

வேலை முடிந்தாலும் உடனே போகமாட்டாள். ஒரு சாயா குடித்து, மகனின் பரீட்சையைப் பற்றி, கிளினிக்கின் சண்டைகளைப் பற்றி ஏதாவது சொல்லுவாள். அந்த இரண்டு நாட்கள்தான் வாரத்தில் எனக்கு நாட்கள்.

மற்ற நாட்களைப் பற்றி என்ன எழுதுவது? பிள்ளைகள் முறைவைத்துப் போன் செய்தார்கள். நல்ல பிள்ளைகள். ஆனால் முதலில் பை எவ்வளவு நிறைந்தது என்று கேட்பார்கள், அப்புறம்தான் நான். பார்க்க வந்த பெண்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள்; கொஞ்ச நேரத்தில் பார்வை சீலையின் பக்கவாட்டுக்கு இறங்கிவிடும். ஒருத்தி என் பக்கத்தில் உட்காரும்போது தன் சீலையை ஒதுக்கிக்கொண்டாள். வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் போகவில்லை. மூத்திர மணம் வருமோ என்று பயம். வருகிறதா என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. காலோடு ஒட்டித் தொங்கும் அந்தப் பை இளஞ்சூடாக இருக்கும். என்னைத் தொட்டுக்கொண்டு இருந்தது அது ஒன்றுதான்.

மிச்சம் இருந்தது தொழுகை. ஏழு வயதில் என் உம்மா முஸல்லாவில், தொழுகைப் பாயில், நிறுத்தியது. பிள்ளை பெற்ற நாட்களையும் விலக்கு நாட்களையும் தவிர விட்டதில்லை. எங்கள் தொழுகைக்கு முன்னால் முகம், கை, கால் கழுவி ஒளு எடுக்க வேண்டும். அது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மூத்திரம் ஒரு சொட்டு இறங்கினால் அந்த ஒளு முறிந்துவிடும், மறுபடி எடுக்க வேண்டும். என் முதுகிலிருந்து அது இராப்பகலாக இறங்கிக்கொண்டே இருந்தது. நான் எப்போது சுத்தமாவது?

கேட்டிருக்கலாம். எங்கள் தெருவிலேயே பெண்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமா ஒருத்தி இருக்கிறாள். என்னிடம் துணி எடுத்து வளர்ந்த பெண். அவள் முன்னால் போய் உட்கார்ந்து என் மூத்திரத்தைப் பற்றிக் கேட்பதா? நாக்கு எழவில்லை. நானே ஒரு வழி கண்டேன்.

ஒரு லுஹர் நேரத்தில், நண்பகல் பாங்கு கேட்டதும், பிடியைக் குறுக்கே திருப்பினேன். பைக்குள் சொட்டு நின்றது. ஒளு எடுத்து நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். முடித்துத் திறந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷமும் நான் நோயாளி இல்லை.

ஐந்து வேளையும் அப்படிச் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் கேடு. ஒன்றும் ஆகாததால் நேரம் நீண்டது. சாயங்காலம் அஸருக்கு அடைத்தால், திறந்தால் மறுபடி ஒளு எடுக்க வேண்டுமே என்று பொழுது அடையும் மஃரிப் வரை அப்படியே வைத்தேன். பிறகு இரவு இஷா வரை. நடுவில் குர்ஆன் ஓதுவேன். இடுப்பில் ஒரு பாரம் தெரியும். அதையும் ஒரு இபாதத்தாக, வணக்கமாகவே நினைத்துப் பொறுத்தேன். வெள்ளம் குடித்தால் அதிகம் ஊறும் என்று குடிப்பதையும் குறைத்தேன்.

அடைத்த தண்ணீர் சும்மா இருக்குமா? குழாய்க்குள் வழி இல்லாவிட்டால் குழாயைச் சுற்றி வழி பார்க்கும். முதுகில் பிளாஸ்டர் நனையத் தொடங்கியது. ஸ்டெல்லா ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்ப்பாள்.

"உம்மா, இது எப்படி நனையுது? குழாய் நல்லா ஓடுதே."

"வேர்வையா இருக்கும்."

"வேர்வை இந்த மணமா மணக்கும்?"

நான் பேச்சை மாற்றி அவள் மகனைப் பற்றிக் கேட்டேன்.

நனைந்த பிளாஸ்டர் ஒட்டுமா? ஒரு மத்தியானம் கட்டிலிலிருந்து எழும்பும்போது முதுகில் ஏதோ வழுகியது. தொட்டுப் பார்த்தால் குழாய் ஒரு சாண் கூடுதலாக வெளியே இருந்தது. தையல் அறுந்திருந்தது. பை காலி, சீலை நனைந்திருந்தது. ஜமீலா கார் பிடித்து வந்து நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனாள். குழாய் வெளியே வந்தால் முதுகில் உள்ள வழி சில மணி நேரத்திலேயே ஒட்டத் தொடங்கிவிடுமாம். ஒட்டுவதற்குள் புதுக் குழாய் வைத்தார்கள்.

டாக்டருக்கு விளங்கவில்லை. பழைய குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உள்ள மண்டி அடைச்சிருந்தா இப்படிச் சுத்தி ஒழுகும். அடைப்பு இல்லை. மடங்கின தடமும் இல்லை. பை நிறைஞ்சு கனம் இழுத்துச்சா? ஒட்டினது சரியில்லையா?"

அன்று ஸ்டெல்லாவுக்கு ஓய்வு நாள். கேள்விப்பட்டு, பிளாஸ்கில் கஞ்சியோடு பஸ் ஏறி வந்திருந்தாள். வார்டு வாசலில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். அப்போது நாசர் போனில் வந்தான். ஜமீலா பதற்றத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். அவன் ஸ்டெல்லாவைக் கேட்டான். வார்டு முழுக்கக் கேட்டது.

"உம்மாவ நோக்கத்தானே ஒன்ன வச்சிருக்கு? ஒரு பிளாஸ்டர் ஒட்டத் தெரியாத ஒன்ன எவன் நர்சாக்கினான்? எல்லாரும் கேக்கட்டும், நல்லாக் கேக்கட்டும்! எனக்க உம்மாவுக்க கிட்னி போனா நீ தருவியா?"

"அண்ணா, வெள்ளிக்கிழமை நான் ஒட்டினது…"

"பேசாத. இனி அந்த வீட்டுப் படி ஏறண்டாம்."

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும். அவள் அதற்காகத்தான் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, கஞ்சியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவள் செருப்புச் சத்தம்.

அந்தக் கஞ்சியை நான் குடித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு, குழாய் கழுவுவதை ஜமீலா கற்றுக்கொண்டு ஞாயிறுதோறும் வந்தாள். செவ்வாயும் வெள்ளியும் மற்ற நாட்களைப் போல ஆகிவிட்டன. நான் நிறுத்தினேனா என்றால், இல்லை. நோன்பு மாதம் வந்தது. தண்ணீர் குடிக்காமல் இருக்கவே கூடாது, நோன்பு பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வயது வந்த நாளிலிருந்து பிடித்த நோன்பு போனது. அதனால் தொழுகையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அந்த மாதத்தின் நீண்ட இரவுத் தொழுகையும் சேர்ந்துகொண்டது. சாயங்காலம் அடைத்தால் படுக்கப் போகும்போதுதான் திறப்பேன். இரண்டு முறை திறக்கவே மறந்து தூங்கிவிட்டேன்.

பிறை இருபதைத் தாண்டிய ஒரு ஞாயிறு காலை, ஜமீலா வந்தபோது நான் இரண்டு கம்பளிக்குள் பல் கிட்டிக் கிடந்தேன். இந்த முறை குழாய் வழுகவில்லை. தேங்கிய மூத்திரத்தில் கிருமி ஏறி ரத்தத்தில் கலந்துவிட்டது. கிரியாட்டினின் முன்னைவிட மோசம். முதல் இரண்டு நாள் எனக்கு நினைவில்லை. மூன்றாம் நாள் கண் திறந்தபோது கையிலும் கழுத்திலும் ஊசி இருந்தது. டாக்டர் ஜமீலாவிடம் சொன்னது காதில் விழுந்தது.

"இன்னொரு தடவை இப்படித் தேங்கினா இந்தக் கிட்னியும் போயிடும். அப்புறம் வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் மெஷின்தான். அவங்க நெஞ்சு அதைத் தாங்குமான்னு எனக்குச் சந்தேகம்."

குழாயைக் கொஞ்சம் பருமனாக மாற்றினார்கள். மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள், நன்றாக ஓடியது. காய்ச்சல் இறங்கியதும் கட்டிலில் சாய்ந்திருந்தே தொழத் தொடங்கினேன். ஆம், அங்கேயும் அடைத்தேன். போர்வைக்குள் கைவிட்டு. வார்டில் மணிக்கு மணி பையின் அளவை எழுதுவார்கள். சில மணிகளில் ஒன்றும் இல்லை, அடுத்த மணியில் வெள்ளம் போல. அந்தத் தாளைப் பார்த்து டாக்டர் தலையைச் சொறிந்தார். நான் அசையும்போது குழாய் உள்ளே எங்கோ மடங்குகிறது என்று முடிவு செய்தார். மறுநாள் காலை கிட்னியில் வேறு இடத்தில் புதிதாகத் துளைத்துக் குழாய் வைப்பது என்றார். ரத்தம் கசியலாம் என்று ஜமீலாவிடம் கையெழுத்தும் வாங்கினார்கள்.

அடுத்த கட்டிலில் மயிலாடிக்காரி தாயம்மை. என் வயது இருக்கும். அடிவயிற்றில் கட்டி, அது நெருக்கியதால் அவளுக்கு இரண்டு பக்கமும் குழாய், இரண்டு பை. "சந்தைக்குப் போற மாடாக்கும் நான், ரெண்டு பக்கமும் பொதி" என்று சிரிப்பாள். அவளைப் பார்க்க யாரும் அதிகம் வரவில்லை. நாள் முழுக்க என் பையையும் அவள் பைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். அன்று நான் அஸர் தொழுது முடித்ததும் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவப்படப்பிடாது."

"கேளு."

"நீ தொழ இருந்தா ஒனக்க பையும் தொழ இருக்குமோ?"

"என்னட்டி சொல்லுதே?"

"நீ கண்ண மூடினா அது நிக்கும். நீ முடிச்ச பொறவு ஒரே ஓட்டமா ஓடும். மூணு நாளாப் பாக்கேன். நான் எனக்க சாமி அய்யாவ நெனச்சு எத்தன நேரம் இருந்தாலும் எனக்கது ரெண்டும் ஓடிட்டேதான் கெடக்கு."

"ஒனக்க ரெண்டு பையையும் நீ நோக்கு. எனக்கத நான் நோக்குவேன்."

"நோக்கு. நாளைக்கு அவ்வோ ஒனக்க கிட்னில இன்னொரு ஓட்ட போடப் போறாவ. எனக்கென்ன?" திரும்பிப் படுத்தவள் மறுபடி இந்தப் பக்கம் புரண்டாள். "அதுக்கு ஒங்க ஆளுவகிட்டக் கேட்டியா? இல்ல, நீயே சட்டம் போட்டியா?"

மஃரிப் பாங்கு ஜன்னல் வழியாக வந்தது. கை போர்வைக்குள் போனது. பிடியில் விரல் வைத்தபடி அப்படியே இருந்தேன். கிட்னி போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் விரலைத் தடுத்தது அது இல்லை. சுத்தமாக நிற்க வேண்டும் என்றுதானே அடைத்தேன்? ஒரு பெண் என் பொருட்டு ஊரார் முன்னால் வசவு வாங்கி நின்றபோது நான் சுவரைப் பார்த்துத் திரும்பினேன். அன்று மாலையும் ஒளு எடுத்துத் தொழுதேன். எந்தச் சுத்தத்தில் தொழுதேன்?

பிடியைத் திருப்பவில்லை. குழாய் ஓட ஓடத் தொழுதேன். கூடுமோ கூடாதோ என்று தெரியாமல் தொழுத முதல் தொழுகை.

காலையில் என்னைத் தள்ளிக்கொண்டு போக வண்டி வந்தது. டாக்டரும் ஜமீலாவும் பக்கத்தில் இருந்தார்கள்.

"டாக்டரே, ஓட்ட போடண்டாம். குழாய்க்குக் கேடு ஒண்ணும் இல்ல. நான்தான் அடைச்சேன்."

இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. போர்வையை விலக்கி, பிடியைத் திருப்பிக் காட்டினேன். சொட்டு நின்றது. மறுபடி நேராக்கினேன்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எவ்வளவு நேரம் அடைப்பீங்க?"

சொன்னேன். எதற்கு என்று கேட்டார். அதையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "குழாயைத்தான் குத்தம் சொல்லிட்டு இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். நர்சைக் கூப்பிட்டு, பிடி அசையாதபடி சுற்றி டேப் ஒட்டச் சொன்னார்.

"அது வேண்டாம். நான் ஒரு வார்த்த சொன்னா சொன்னதுதான்."

"இருக்கட்டும்மா" என்றார். என்னை அவர் நம்பவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை.

ஜமீலா அழுதுகொண்டே முதலில் சொன்னது, "உம்மா, அப்பம் ஸ்டெல்லா?" என்றுதான். பிறகு எங்கள் தெரு ஆலிமாவுக்குப் போன் போட்டு என் காதில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: நிற்காமல் மூத்திரம் போகிறவர்களுக்குச் சலுகை உண்டு. பாங்கு சொன்ன பிறகு, பையைக் காலி செய்து, சுத்தம் செய்து, ஒவ்வொரு வேளைக்கும் புதிதாக ஒளு எடுத்து, தாமதிக்காமல் தொழுதால் போதும். நடுவில் சொட்டுவது குற்றமில்லை.

"எனக்குத் தெரியாமப் போச்சே மோளே."

"இதக் கேக்கியதுக்கு என்ன வெக்கம் உம்மம்மா? படச்சவன் ஒங்கள வதச்சு ஒண்ணும் வாங்கமாட்டான்."

தாயம்மை இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன சொன்னாவ?" என்று கேட்டாள். சொன்னேன். "இதத்தான் நானும் சொன்னேன், எனக்குச் சட்டம் தெரியாது, அவ்வளவுதான்" என்றாள். நான் வீட்டுக்கு வரும்போது அவள் அங்கேயே இருந்தாள். என் போர்வையை அவளுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மொத்தம் பதினெட்டு நாள். மெஷின் தேவைப்படவில்லை. ஆனால் கிட்னி பழைய நிலைக்குத் திரும்பவில்லை. "போனது போனதுதான். இருக்கிறதைப் பத்திரமா வச்சு ஓட்டலாம்" என்றார் டாக்டர். போனதில் எவ்வளவு நான் அடைத்துப் போக்கியது என்று கேட்டேன். அவர் அடுத்த குழாய் மாற்றும் தேதியைச் சீட்டில் எழுதினார்.

நாசரிடம் போனில் சொன்னேன். "செரி உம்மா, விடுங்க. நீங்க வேணும்னா செஞ்சீங்க? அது முடிஞ்ச காரியம். வேற நல்ல நர்ஸ் பாக்கேன்" என்றான். ஸ்டெல்லாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆட்டோ பிடித்துக் கருங்கலில் ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போனேன், தனியாக. பையைச் சீலைக்குள் மறைக்கவில்லை. ஒரு துணிப்பையில் வைத்து இடுப்புக்குக் கீழே தெரியத் தொங்கவிட்டேன். ஸ்டெல்லா கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் குழாயைப் பார்த்தாள்.

"இந்தப் பையோட ஆட்டோலயா வந்தீங்க? குழாய் எங்கயாவது இழுத்துதா?" அதற்குள் அவளுக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள்.

"நான்தான் அடைச்சேன் மோளே. தொழுகதுக்கு."

"தெரியும்."

"தெரியுமா?"

"தொழுகதுக்குன்னு தெரியாது. பிளாஸ்டர் நனஞ்சிருக்கு, குழாய் நேரா இருக்கு, கழுவினா ஓடுது. அப்பம் ஆரோ அடைக்கணும். அந்த வீட்டுல நீங்க ஒருத்திதானே இருக்கீங்க?"

"பின்ன ஏன் நீ அண்ணைக்குச் சொல்லல்ல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன் உம்மா. நீங்க செவரப் பாத்தீங்க."

அந்த வாசலில் நின்றேன். அவள் மெல்லச் சொன்னாள்: அன்று ஆஸ்பத்திரியில் காத்திருந்தவர்களில் கருங்கல்காரர் ஒருவரும் இருந்திருக்கிறார். கதை கிளினிக்குக்கு வந்துவிட்டது. இரண்டு வீடுகளில் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலையில் இருக்கிறாள், ஆனால் ஊசி போட வருகிறவர்கள் வேறு சிஸ்டர் இல்லையா என்று கேட்கிறார்கள்.

"எனக்கு ஒண்ணும் தரண்டாம். அண்ணன் எல்லாரும் கேக்கட்டும்னுதானே சொன்னாரு? அதே மாதிரி எல்லாரும் கேக்க, தப்பு ஸ்டெல்லாவுக்கு இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அது மட்டும் மதி."

இதுதான் நான் முன்பு சொன்ன இரண்டாவது காரணம். வாயால் சொல்லலாம்; ஆனால் பேசும்போது நான் என்னைக் கொஞ்சம் நல்லவளாக்கிக்கொள்வேன், எனக்கு அந்தப் பழக்கம் உண்டு. எழுத்தில் மாற்ற நினைத்தால் அடித்தல் தெரியும்.

நாசருக்கு நிபந்தனை வைத்தேன். வெள்ளிக்கிழமை கூட்டமான நேரத்தில் கருங்கல் கிளினிக்கில் நான் எழுதுகிற இது வாசிக்கப்படும். அவன் அங்கே போனில், ஸ்பீக்கரில் இருக்க வேண்டும். முடிந்ததும் அவன் தன் வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. உம்மாவை ஊர் முன்னால் எப்படிச் சந்தியில் நிறுத்துவது என்றான். நான் நிற்கிறேன், உனக்கென்ன என்றேன். அதன் பிறகு அவன் போனை நான் எடுக்கவில்லை. ஒன்பது நாள். மணி அடித்து அடித்து ஓயும். பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இந்தத் தீனத்தில் அதைவிடத் தனியாக நான் எந்த நாளும் இருந்ததில்லை. பத்தாம் நாள் ஜமீலாவிடம் சொல்லி அனுப்பினான், சரி என்று.

நாளை வெள்ளிக்கிழமை. ஜமீலாவின் மகள் ஷிஃபா காலேஜுக்கு லீவு போட்டு வந்திருக்கிறாள். நாளைக்கு வாசிக்கப் போகிறவள் அவள்தான்.

ஷிஃபா மோளே, இத்தோடு எழுதி முடித்துவிட்டேன். வா, ஒரு தடவை முதலிலிருந்து சத்தமாக எனக்கு வாசித்துக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிய இடமும் கஞ்சியைக் குடித்த இடமும் வரும்போது நீ குரலைத் தாழ்த்துவாய், உன்னை எனக்குத் தெரியாதா? தாழ்த்தக் கூடாது. தாழ்த்தினால் நிறுத்தி, மறுபடி அங்கிருந்தே வாசிக்கச் சொல்வேன்.